தும்மினாலும் சினிமா!

இந்த வாரம் முழுக்கப் பேசாப் படங்கள்தான். இரண்டு வினாடிப் படத்திலிருந்து இரண்டு ரீல் படம் வரை கேட்டுத் தள்ளியிருக்கிறீர்கள். வாங்க, ஒவ்வொன்றாக.

கே: உலகின் முதல் படம் எது மாமா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
(தேர்வுக்குப் படிக்கும் மாணவர், திண்டிவனம்)

ப: ஒரே வரியில் சொன்னால் மூன்று நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், மாப்பிள்ளை. இன்று மிஞ்சியிருப்பவற்றில் மூத்தது என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவது, லூயி லெ பிரின்ஸ் 1888 அக்டோபர் 14-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எடுத்த தோட்டக் காட்சி. நாலு பேர் புல்தரையில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். இரண்டு வினாடி. முடிந்தது.

அதில் நடக்கும் அவருடைய மாமியார் பத்தே நாளில் காலமானார். எடுத்தவர் 1890 செப்டம்பரில் பிரான்ஸின் திழோன் நிலையத்தில் பாரிஸ் ரயிலில் ஏறினார்; பாரிஸில் இறங்கவில்லை. இன்றுவரை துப்பு இல்லை. இரண்டு வினாடிப் படத்துக்கு இரண்டு மணி நேர மர்மக் கதை!

கே: அப்படியானால் லூமியர் சகோதரர்களுக்கு ஏன் இவ்வளவு மாலை?

ப: கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகக்கூடிய பெட்டி செய்ததற்கு. எடிசன் 1894-லேயே நியூயார்க்கில் காசு வாங்கிப் படம் காட்டினார். ஆனால் துளையில் கண்ணை வைத்து ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும். பெர்லினில் ஸ்க்லடனோவ்ஸ்கி சகோதரர்கள் 1895 நவம்பரில் திரையிலேயே காட்டிவிட்டார்கள். லூமியரின் பெட்டியோ ஐந்து கிலோ சொச்சம்தான். படம் பிடிக்கும், பிரதி போடும், திரையிலும் காட்டும்.

1895 டிசம்பர் 28, பாரிஸ் கிராண்ட் கஃபேயின் நிலவறை. கட்டணம் ஒரு பிராங்க். பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குள். காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். அடுத்த ஜூலை 7-ம் தேதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு லூமியர் படங்கள் ஓடின. ஆறே மாதம்! கப்பல் மெதுவாகப் போன காலத்தில் சினிமா மட்டும் மெதுவாகப் போகவில்லை.

கே: ரயில் வரும் படத்தைப் பார்த்து ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்களாமே?
(ரயில்வே ஊழியர், அரக்கோணம்)

ப: ஓடியது ஜனங்கள் இல்லை, வதந்தி. இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. லா சியோட்டா ரயில் படம் அந்த முதல் நாள் பட்டியலிலேயே கிடையாது. பிற்பாடு காட்டியபோதும் கலவரம் நடந்ததாக அந்தக் காலத்துப் பதிவு எதையும் ஆராய்ச்சியாளர்களால் காட்ட முடியவில்லை. அசந்துபோனார்கள், அது நிஜம். ஆனால் ஒரு பிராங்க் கொடுத்து உள்ளே வந்தவன் அவ்வளவு சுலபத்தில் எழுந்து ஓடுவானா?

கே: அந்த முதல் நாள் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

ப: குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் படம். ஒகுஸ்த் லூமியரும் அவர் மனைவியும் மகளுக்கு ஊட்டுகிறார்கள். வந்தவர்கள் வாய்பிளந்து பார்த்தது குழந்தையை அல்ல, பின்னால் காற்றில் அசைந்த இலைகளை! நாடக மேடையில் துணியில் வரைந்த மரங்களையே பார்த்துப் பழகிய கண்கள் அவை.

இலை அசைவதைப் பார்த்து மெய்மறந்தவர்கள்தான் நம் குலத்தின் முதல் ரசிகர்கள். நான் அந்தப் படத்தை எத்தனை முறை போட்டாலும் இலையைத்தான் பார்க்கிறேன்.

கே: தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வரும் படம் நிஜமா, செட்டப்பா?

ப: ரெண்டும். தொழிற்சாலை லியோனில் லூமியருடையது, தொழிலாளர்களும் அவர்களுடையவர்களே. ஆனால் மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, ஒன்றில் இரட்டைக் குதிரை, ஒன்றில் குதிரையே இல்லை. சொல்லிவைத்ததுபோல் யாரும் காமிராவை முறைக்கவில்லை. ஆக, சினிமா பிறந்தபோதே ரீடேக்கும் பிறந்துவிட்டது. சொல் பேச்சுக் கேட்காமல் இஷ்டத்துக்கு ஓடுவது நாய் மட்டும்தான். அதுதான் படத்திலேயே சிறந்த நடிகர்.

கே: உலகின் முதல் காமெடி?

ப: செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார் தோட்டக்காரர். பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆச்சு என்று குழாய் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான்! அப்புறம் துரத்தல், பிடித்தல், முதுகில் நாலு சாத்து. 1895, லூமியர், முக்கால் நிமிஷம்.

தொடக்கம், சிக்கல், திருப்பம், தண்டனை, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. நம் ஊர் இடைவேளைக்கு முந்தைய பாதியில் இதில் எத்தனை தேறும் என்று எண்ணிப் பாருங்கள்.

கே: எடிசன் ஒரு தும்மலைப் படமாக்கினாராமே, நிஜமா?

ப: நிஜம்தான். பிரெட் ஆட் என்கிற அவருடைய பட்டறை ஊழியர். 1894 ஜனவரி. மூக்குப்பொடி எடுக்கிறார், தும்முகிறார், ஐந்து வினாடியில் படம் முடிகிறது. அதைக் காகிதத்தில் வரிசைப் புகைப்படமாக அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பதிப்புரிமைக்குப் பதிவும் செய்தார்கள்.

அந்தப் பதிவுத்தாள்தான் படத்தைக் காப்பாற்றியது. எத்தனையோ ராஜாக்களின் பட்டாபிஷேகப் படங்கள் அழிந்தன. பிரெட் ஆட்டின் தும்மல் நூறாண்டு தாண்டி வாழ்கிறது. அதற்குத்தான் தும்மினால் 'நூறாயுசு' என்கிறோம்.

கே: எடிசனின் ஸ்டுடியோ பிரமாண்டமாக இருந்திருக்குமே?

ப: தார்க்காகிதம் ஒட்டிய கறுப்புக் கொட்டகை. 1893-ல் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் கட்டியது. கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விடுவார்கள். சூரியன் நகர்ந்தால்? கொட்டகையையே திருப்புவார்கள்! அடியில் சுழலும் மேடை. லைட்பாய் வேலையைச் சூரிய பகவான் சம்பளமில்லாமல் பார்த்தார்.

கே: பூனை வீடியோ பார்த்தே என் மகள் பொழுதைக் கழிக்கிறாள். இந்தத் தலைமுறை உருப்படுமா?
(கவலையுள்ள தாய், நாகர்கோவில்)

ப: 1894-ல் அதே கொட்டகையில் இரண்டு பூனைகளுக்குக் கையுறை மாட்டி, குட்டிக் குத்துச்சண்டை மேடையில் விட்டுப் படம் எடுத்தார்கள். காசு போட்டு வரிசையில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காலத்துக் கனவான்கள். உங்கள் மகள் மரபைக் காப்பாற்றுகிறாள், அம்மா. கவலை வேண்டாம்.

கே: ஒரு நிமிஷ ரீல்ஸ் எடுக்கிறேன். அந்தக் காலத்து ஐம்பது வினாடிப் படத்திலிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

ப: நிறைய. லூமியரின் ஆளுக்குக் கையிலிருந்தது 17 மீட்டர் சுருள். வெட்டி ஒட்டுவது கிடையாது, ஜூம் கிடையாது. எங்கே நிற்பது, எந்தக் கணத்தில் கைப்பிடியைச் சுற்றத் தொடங்குவது, இந்த இரண்டு முடிவுதான் அவருடைய மொத்தக் கலையும். ரயில் படத்தைப் பாருங்கள்: காமிராவை நடைமேடை ஓரமாகக் குறுக்காக நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் ரயில் தூரத்தில் புள்ளியாகத் தொடங்கிச் சட்டத்தை நிறைத்துக்கொண்டு வருகிறது. நேர் பக்கவாட்டில் நின்றிருந்தால் வெறும் பெட்டி வரிசைதான் தெரிந்திருக்கும்.

உங்களிடம் போனில் ஆயிரம் படத்துக்கு இடம் இருக்கிறது. ஒரு நாள் ஒரே ஒரு படம்தான் என்று சத்தியம் செய்துகொண்டு வெளியே போய்ப் பாருங்கள். கண் தானாகக் கூர்மையாகும்.

கே: மெலியேஸ், மெலியேஸ் என்று உருகுகிறார்களே, யார் அவர்?

ப: உட்காருங்கள், இதற்கு நேரம் ஆகும்.

பாரிஸில் பூட்ஸ் தொழிற்சாலைக்காரர் மகன். அப்பாவின் தொழில் ஒட்டவில்லை. மாயாஜாலத்தில் பித்து. 1888-ல் ரொபேர்-உதேன் அரங்கை வாங்கி மேஜிக் காட்டினார். லூமியர் படங்களைப் பார்த்தவர் பெட்டியை விலைக்குக் கேட்டார். தரமாட்டோம் என்றார்கள். லண்டனில் ராபர்ட் பாலிடம் படம் காட்டும் கருவி ஒன்று வாங்கி, அதை வைத்துத் தானே காமிரா செய்துகொண்டார்!

ஒருநாள் பாரிஸ் தெருவில் காமிரா சிக்கி நின்று மறுபடி ஓடியதாம். போட்டுப் பார்த்தால் பஸ் சவ வண்டியாக மாறியிருந்ததாம். இது அவரே சொன்ன கதை. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்; ஆனால் காமிராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டும் வித்தையை அவர் அளவுக்குப் பிழிந்தவர் இல்லை. 1898-ல் தன் தலையைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார். புதுத் தலை முளைக்கிறது. அதையும் கழற்றுகிறார். மூன்று தலையும் மேஜையில் உட்கார்ந்து பாடும். படம் ஒரு நிமிஷம்கூட நிறையாது. நம் புராணப் படங்களில் 'டங்' என்று தோன்றி மறைந்த நாரதர்கள் எல்லோருக்கும் பாட்டன் அவர்.

1902-ல் நிலாப் பயணம். நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் காட்சி உங்கள் எல்லோருக்கும் தெரியும், படம் பார்க்காவிட்டாலும்.

அப்புறம்தான் வயிறு எரியும் கதை. 500-க்கு மேல் படம் எடுத்தவர் கடனில் மூழ்கினார். முதல் உலகப் போரின்போது அவர் படச் சுருள்களை ராணுவம் எடுத்துப்போய் உருக்கியது. எதற்கு? பூட்ஸ் குதிகால் செய்ய! பூட்ஸ் தொழில் வேண்டாம் என்று ஓடிவந்தவரின் கலை கடைசியில் பூட்ஸாகவே போனது. 1923-ல் மிச்சமிருந்த மூலச்சுருள்களைத் தன் கையாலேயே தோட்டத்தில் போட்டுக் கொளுத்தினார். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார். ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகு 1931-ல் லெஜியன் தோனர் விருது. அணிவித்தவர் லூயி லூமியர். இன்று சுமார் 200 படங்கள் மிஞ்சியிருக்கின்றன. எரிந்துபோன ஒவ்வொன்றும் எனக்குச் சொந்த நஷ்டம்.

கே: திருட்டு விசிடி அப்போது இல்லையே, பிழைத்தார்கள்!

ப: யார் சொன்னது? நிலாப் பயணத்தை அமெரிக்காவில் எடிசன் ஆட்களும் மற்றவர்களும் பிரதி போட்டு விற்றார்கள். மெலியேசுக்குச் சல்லி வரவில்லை. அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பிக் கிளை திறக்க வேண்டியதாயிற்று. பாத்தே கம்பெனி தன் சேவல் சின்னத்தைப் படத்துக்குள் சுவரிலேயே மாட்டி வைத்தது. படுக்கையறையில் சேவல், சிறைச்சாலையில் சேவல். கதைக்குச் சம்பந்தமில்லை, திருடனுக்குச் சம்பந்தம் உண்டு.

கே: கறுப்பு வெள்ளை மட்டும்தானே? எனக்குக் கலர் வேண்டும்.

ப: அந்தக் காலத்திலேயே கலர் இருந்தது, ஐயா, கையால்! பாரிஸில் எலிசபெத் துயில்யே என்பவர் நடத்திய பட்டறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிறம் என்று தூரிகையால் பூசுவார்கள். கட்டைவிரல் அளவு சட்டம் (பிரேம்). நிலாப் பயணத்தில் அப்படி 13,000-க்கு மேல். அதுவும் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக. ஒரு வண்ணப் பிரதி 1993-ல் பார்சிலோனாவில் கிடைத்தது, கல்லாய் இறுகிப் போய். பல வருஷம் பிரித்தெடுத்து 2011-ல் கான் விழாவில் காட்டினார்கள். பூசிய பெண்களின் பெயர் டைட்டிலில் இல்லை. மெலியேஸ் என்று சொல்லும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கை தட்டுங்கள்.

கே: டைரக்டர் நாற்காலியில் பெண்கள் இருந்தார்களா?
(ஆசிரியை, மன்னார்குடி)

ப: நாற்காலி செய்தவர்களில் ஒருவரே பெண்தான், டீச்சர். அலிஸ் கீ. கோமோன் கம்பெனியில் காரியதரிசியாகச் சேர்ந்தவர். முதலாளியிடம் அனுமதி கேட்டுக் கதைப் படம் எடுக்கத் தொடங்கினார். ஆபீஸ் வேலை கெடாமல் எடுத்துக்கொள் என்றாராம் முதலாளி! 1906-ல் ஒரு படம்: ஆண்கள் துணி தைத்துக் குழந்தை பார்த்துக்கொள்ள, பெண்கள் கால்மேல் கால் போட்டுப் புகைக்கிறார்கள். பிறகு அமெரிக்கா போய் சோலாக்ஸ் என்று சொந்தக் கம்பெனி. ஸ்டுடியோவில் 'இயல்பாக இருங்கள்' என்று நடிகர்களுக்குப் பலகை மாட்டினார். அந்தப் பலகை இன்றும் பல இடங்களில் தேவைப்படுகிறது.

லோயிஸ் வெபரின் 1913 'சஸ்பென்ஸ்' படத்தையும் தேடுங்கள். பத்தே நிமிஷம். வீட்டில் தனியாகப் பெண், வாசலில் திருடன், போனில் கணவன். மூன்றையும் ஒரே திரையில் முக்கோணமாகப் பிரித்துக் காட்டுகிறார். நகத்தைக் கடிக்காமல் பார்த்தவருக்கு மாமா செலவில் காபி.

கே: எல்லோரும் ஏன் தடதடவென்று ஓடுகிறார்கள்?

ப: அவர்கள் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். காட்டுகிறவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். கையால் சுற்றிய காமிராவில் வினாடிக்கு 16 சட்டம் சுமாராக ஓடும். ஒலி வந்தபின் 24 என்று நிலைத்தது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் பாட்டியும் பி.டி. உஷா ஆகிவிடுவார். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகம் கூட்டியதும் உண்டு. சரியான வேகத்தில் ஒரு நல்ல பிரதியைப் பார்த்தால், 'பழைய படம்' என்ற எண்ணமே கழன்றுவிடும்.

கே: தியேட்டர் மயான அமைதியாக இருக்குமோ?

ப: இருந்ததே இல்லை. பியானோ, வாத்தியக்குழு, கூட்டத்தின் விசில். ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷிகளுக்காகவே கூட்டம் வந்தது. அகிரா குரோசாவாவின் அண்ணன் அப்படி ஒரு பென்ஷி. பேசும் படம் வந்ததும் அவர்கள் பிழைப்புப் போனது. படம் பேசியது, பேசியவர்கள் மௌனமானார்கள்.

கே: காமிராமேன்களைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. கல்யாண மேடையில் நின்றுகொண்டு மறைக்கிறார்கள்.

ப: 1901-ல் பிரைட்டனுக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் வில்லியம்சன் உங்களுக்காகவே ஒரு படம் எடுத்தார். படம் எடுக்காதே என்று திட்டிக்கொண்டே ஒருவர் காமிராவை நெருங்குகிறார், நெருங்குகிறார், வாயைத் திறந்து காமிராவையும் காமிராமேனையும் விழுங்கிவிட்டு மென்றுகொண்டே பின்வாங்குகிறார். அடுத்த முகூர்த்தத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

கே: சாப்ளினா, கீட்டனா? நழுவாமல் சொல்லுங்கள்.
(இரண்டு நண்பர்கள், பாளையங்கோட்டை, பந்தயம் கட்டியவர்கள்)

ப: நழுவமாட்டேன். முதலில் வழக்கை விசாரிப்போம்.

சாப்ளின்: 1914 பிப்ரவரி. கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்தில் சிறுவர் வண்டிப் பந்தயம். படமெடுக்கும் காமிராவின் குறுக்கே ஒரு தொளதொளக் கால்சட்டைக்காரர் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். விரட்டினால் மறுபடி வருகிறார். சுற்றி நிற்பது நிஜக் கூட்டம். அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. ரசிகர்கள் சாப்ளினின் நாடோடி வேஷத்தை முதன்முதலில் பார்த்தது அதில்தான். இரண்டே வருஷத்தில் மியூச்சுவல் கம்பெனி ஆண்டுக்கு 6,70,000 டாலர் கொடுத்து அழைத்துப்போனது.

1917-ல் 'இமிக்ரன்ட்'. கையில் காசில்லாமல் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, பூதம் போன்ற சர்வரைப் பார்த்து நடுங்கும் காட்சியைத்தான் முதலில் எடுத்தார். கதை இல்லை. இவன் யார், ஏன் இப்படி என்று யோசித்து, அதற்கப்புறம் கப்பலையும் குடியேறிகளையும் சேர்த்தார். அவர் கழித்துப்போட்ட சுருள்களிலிருந்து இது தெரிகிறது. சிரிப்பைத் தோண்டிக்கொண்டே போனவர் கண்ணீரில் போய் முட்டியிருக்கிறார்.

கீட்டன்: 1920, 'ஒன் வீக்'. புதுமணத் தம்பதிக்குப் பெட்டிகளில் அடைத்த வீடு பரிசு. எண் போட்ட பெட்டிகளின் எண்ணைப் பொறாமைக்காரன் மாற்றிவிடுகிறான். கோணல்மாணலாக வீடு எழும்புகிறது, புயலில் ராட்டினம் சுற்றுகிறது, கடைசியில் தண்டவாளத்தில் நிற்கிறது. பொம்மை வீடு இல்லை, நிஜ வீடு. நிஜ ரயில். அந்த ரயில் என்ன செய்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் பாவம். இத்தனைக்கும் அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு வராது.

தீர்ப்பு: நெஞ்சுக்குச் சாப்ளின், கண்ணுக்குக் கீட்டன். ஒன்றுதான் என்றால், நீண்ட படங்களில் சாப்ளின். இரண்டு ரீல் படங்களில் கீட்டன். பந்தயக் காசைப் பங்கு போடாதீர்கள். கீட்டன் கட்சிக்காரருக்கே கொடுங்கள்.

கே: வண்டுகளை நடிக்க வைத்த படம் உண்டாமே?

ப: லதிஸ்லாஸ் ஸ்டாரெவிச், 1912, ரஷ்யா. செத்த வண்டுகளுக்குக் கம்பியால் கால் பொருத்தி, சட்டம் சட்டமாக நகர்த்தி எடுத்தார். கதை? கள்ளக்காதல்! வண்டுக் கணவன், வண்டு மனைவி, நடனக்காரத் தட்டான், அத்தனையையும் ஒளிந்து நின்று படமெடுத்துப் பழிவாங்கும் வெட்டுக்கிளி. பழக்கிய பூச்சிகள் என்றே நினைத்தவர்கள் உண்டு.

கே: நம் நாட்டின் பங்கு ஒன்றும் இல்லையா?

ப: இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படமான 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு முன் பால்கே எடுத்ததைக் கேளுங்கள். பணம் போட ஆள் இல்லை. ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். நாளுக்கு ஒரு சட்டமாக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தார். திரையில் விதை வெடித்து, முளைத்து, கண்ணெதிரே கொடியாக ஏறியது. பார்த்தவர் கடன் கொடுத்தார். 1913 மே 3-ல் பம்பாய் காரனேஷன் தியேட்டரில் ஹரிச்சந்திரன் வந்தான். இந்திய சினிமா பட்டாணியில் முளைத்தது என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள், வரலாறு அது.

தமிழ்நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வே ஊழியர். 1905-ல் திருச்சியில் து போன் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப, அவருடைய கருவியையும் படங்களையும் பணம் புரட்டி வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டர். இன்று கோவையில் வெரைட்டி ஹால் சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கே: நம் ஊர் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' எங்கே பார்க்கலாம்?

ப: எங்கேயும் முடியாது. ஒரு அடி கூட மிஞ்சவில்லை. இதை எழுதும்போது விளையாட்டு வரவில்லை.

கே: ஏன் இப்படி அழிந்தன? அலட்சியமா?

ப: பாதி அலட்சியம், பாதி ரசாயனம். நைட்ரேட் சுருள் தானே பிராணவாயுவை வெளியிட்டு எரியும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரியாவிட்டால் பிசுபிசுத்து, பொடியாகும். போதாததற்கு, அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள். அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் போய்விட்டதாக நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. புனேயில் 2003-ல் நைட்ரேட் கிடங்கு பற்றியெரிந்தபோது நம்முடைய பழைய சுருள்களும் கருகின.

கே: ஒரு நல்ல செய்தியாவது சொல்லுங்கள் மாமா!

ப: ரெண்டு சொல்கிறேன். 1912 வரை அமெரிக்கச் சட்டத்தில் சினிமாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, புகைப்படத்துக்கு உண்டு. ஆகவே கம்பெனிகள் முழுப் படத்தையும் காகிதச் சுருளில் அச்சிட்டுக் கொடுத்தன. சுருள் எரிந்தது, காகிதம் நின்றது. 3,000-க்கு மேல் படங்கள் அப்படிப் பிழைத்தன.

இன்னொன்று கனடாவின் டாசன் சிட்டி. படங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் பனி ஊர். திருப்பி அனுப்பச் செலவாகும் என்று மூடிய நீச்சல் குளத்தில் போட்டு மண் தள்ளினார்கள். மேலே பனிச்சறுக்கு மைதானம். 1978-ல் தோண்டியபோது 500-க்கு மேல் சுருள்கள், உறைபனியில் பத்திரமாக! நல்ல வேளையாக அந்த மண்ணுக்கடியில் வெயில் எட்டவில்லை.

கே: என் பையன் சாப்ளின் படம் போட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறான்.

ப: பையன் மேல் தப்பில்லை. நீங்கள் போட்டது மங்கல் பிரதி, தப்பான வேகம், யாரோ ஒட்டிய கீபோர்டு இசை. செப்பனிட்ட பிரதியாகத் தேடி எடுங்கள். விளக்கை அணையுங்கள். உங்கள் போனை அடுத்த அறையில் வையுங்கள். முதலில் 'ஒன் வீக்', பிறகு 'இமிக்ரன்ட்'. விளக்கம் சொல்லாதீர்கள், நீங்களும் பேசாப் படமாக இருங்கள்.

கே: தாத்தா வீட்டுப் பரணில் துருப்பிடித்த டப்பாக்களில் பழைய பிலிம் சுருள்கள் இருக்கின்றன. புளித்த வாடை அடிக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், காரைக்குடி)

ப: படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்திருங்கள்! வினிகர் வாடை என்றால் அசிடேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. கருவியில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், நொறுங்கும். வெயிலில் காயவைக்காதீர்கள். பக்கத்தில் தீக்குச்சி கொளுத்தவே கூடாது. நைட்ரேட்டாக இருந்தால் பரணோடு போகும். குளிர்ச்சியான, ஈரமில்லாத, காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். டப்பாமேல் எழுதியிருப்பதைப் படம் பிடித்து, புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கோ மும்பையின் பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். கல்யாணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

பதில் வரும்வரை, பழைய இரும்புச் சாமான்காரர் வாசலில் குரல் கொடுத்தால் கதவைத் திறக்காதீர்கள்.